எல்லைக்குள் படுக்கை

என் மாமாவைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், நாகபூஷணம். நகரிக்குப் பக்கத்தில் ஒரு தறித்தெருவில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா பெயர் வெங்கடம்மா. நான் கோவர்த்தனன், திருச்சானூருக்கும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. வரத்தான் செய்யும். இதை முழுக்கக் கேட்டுவிட்டு உங்களுக்கு வரவில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மாமாவுக்கு ஈரல் கெட்டுப்போய் சில வருஷம் ஆகியிருந்தது. குடித்துக் கெடுத்துக்கொண்டதுதான், மூடி மறைக்க ஒன்றுமில்லை. வயிறு வீங்கியதும் குடியை ஒரே நாளில் விட்டார், அந்த மட்டுக்கு ரோஷக்காரர். ஆனால் கெட்டது கெட்டதுதான். வயிற்றில் நீர் சேரும், திருப்பதிக்கு வருவார், பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நீரை எடுப்பார்கள், ஊருக்குத் திரும்பித் தறியைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் மறுபடி வயிறு நிறையும். அதற்கு நாங்கள் எல்லோரும் பழகிவிட்டிருந்தோம்.

அந்த வருஷம் கங்கம்மா ஜாத்திரைக்குக் காப்பு கட்டிய மறுநாள்தான் வினை ஆரம்பித்தது. காப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தறித்தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார். கட்டியவர் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்து படுத்துவிட வேண்டும். கரகம் வெளியே வந்த பிறகு பகலிலும் எல்லை தாண்டக்கூடாது. அம்மனை வழியனுப்பிக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அப்படித்தான். மீறினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். முன்பெல்லாம் வாலிபப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு தெருவில் மார்தட்டித் திரிவார்கள். இப்போது வாலிபப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? தறிச்சேலையை யாரும் சீண்டாமல் போனதும் ஒருத்தன் பெங்களூரில் செக்யூரிட்டி, ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி என்று கிளம்பிவிட்டார்கள். அக்கா மகன் பிரபாகர் குவைத்தில் டிரைவர். ஆகவே அன்றைக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் மூட்டுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும்தான். அவர்களோடு வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என் மாமாவும் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். மாமாவுக்குக் குளிர்ஜுரம், வயிற்றைத் தொட்டால் கத்துகிறார் என்றாள். ஸ்டாண்டில் என்னோடு ஓட்டுகிற சிட்டிபாபுவின் பழைய மாருதி வேனை வாங்கிக்கொண்டு போய் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, தூக்கம் கெட்ட முகம். வயிற்றில் ஊசி போட்டு நீரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். எப்போதும் மஞ்சளாகத் தெளிந்து வருவது அன்றைக்குக் கஞ்சித்தண்ணி போலக் கலங்கியிருந்தது. அவர் பேசியது தெலுங்கு, நான் தமிழில் சொல்கிறேன்.

"வயித்து நீர்ல கிருமி இறங்கியிருக்கு. கிருமியை ஊசியால அடக்கிடலாம். என் பயம் கிட்னிதான். ஈரல் இப்படிக் கெட்டவங்களுக்கு வயித்துல கிருமி வந்தா அடுத்த அடி அங்கதான் விழும். கிட்னியில ஒரு கோளாறும் இருக்காது. ஆனா ரத்த ஓட்டம் குறைஞ்சதும் அது கதவைச் சாத்திக்கும். சாத்திட்டா திறக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"இன்னா பண்ணணும் மேடம்?" என்றேன்.

"இன்னைக்கு ஆல்புமின்னு ஒரு பாட்டில் ஏத்தறேன், ரத்த ஓட்டம் குறையாம தாங்கும். மூணாம் நாள் இன்னொண்ணு. நடுவுல எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஊசி. எவ்வளவு ஒண்ணுக்குப் போறார்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். பெட்டை விட்டு நகரக்கூடாது."

அரசாங்க அட்டை இருந்ததால் பணத்துக்கு அல்லாடவில்லை. மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், படுக்கை கிடைத்தது. இவ்வளவும் கிடைத்தும் ஒருத்தன் கெட்டுப்போக முடியும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பாட்டில் ஏறி முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் ஜுரம் இறங்கியது. வெயில் சாய்ந்ததும் மாமா எழுந்து உட்கார்ந்து வேட்டியை இறுக்கினார்.

"வண்டிய எடு மச்சான். பொழுது போவுது."

"எங்க?"

"எங்கன்னா? ஊருக்குத்தான். காப்பு கட்டிக்கினு கீறேன், தெரியல?" என்று மணிக்கட்டைக் காட்டினார். அதே கையில் கொஞ்சம் கீழே ஊசிக்குழாயை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள்.

நான் கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ராத்திரி ஊசியை யார் போடுவது, கங்கம்மா வந்து போடுவாளா என்று கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வாய அடக்கு" என்றார். அக்காவைப் பார்த்தேன். அவள் பையில் தம்ளரை வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"விடிகாலம் இட்டாந்துரலாம்டா. ஒரு ராத்திரிதான" என்றாள்.

"நீ ஏத்தலன்னா பஸ்ஸு கீது" என்றார் மாமா.

அந்த உடம்பை பஸ் படியில் ஏற்றுவதை நினைத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வேனை எடுத்தேன். புத்தூர் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நின்று ஒண்ணுக்குப் போனார். திரும்பி வரும்போது சிரித்தார்.

"பாத்தியா, நல்லாத்தான் போவுது. ஒன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அந்த மனுஷனிடம் தொல்லை. திட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிக்க வைத்துவிடுவார்.

மறுநாள் காலையில் கொண்டுபோனதும் டாக்டரம்மா என்னைத்தான் பிடித்தார். "நீங்கள்லாம் மனுஷங்களா? ரெண்டு ஊசி போச்சு. அவர் எங்க போனார்னு நாங்க வார்டு வார்டா தேடறோம்." நான் காப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "எங்க ஊர்லயும் ஜாத்திரை இருக்கு. உயிர் போற நேரத்துல யாரும் இப்படிப் பண்றதில்ல" என்றார். அவர் பக்கம் நின்று மாமாவைத் திட்ட வேண்டியவன் நான். ஆனால் திட்டு வாங்கிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

அன்று மத்தியானம் குவைத்துக்குப் போன் போட்டேன். பிரபாகர் சொன்னாலாவது கேட்பார் என்று ஒரு நப்பாசை.

"நைனா யார் பேச்சக் கேட்டாரு மாமா? நான் அங்க இருந்தா நானே கட்டியிருப்பேன். பாஸ்போர்ட்டு மொதலாளி கையில கீது, நான் இன்னா பண்ண?" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, போனை அக்காவிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் மறுபடி அதே கூத்து. நர்சம்மா மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து மாமா நடையைக் கட்டினார். கால் பின்னியது, ஆனாலும் நடந்தார். புத்தூர் தாண்டி அதே புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் நின்றார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மண் நனைந்த இடம் ஒரு உள்ளங்கை அளவுகூட இல்லை.

"வெயிலு பாரு, எல்லாம் வேர்வையில போயிடுச்சு" என்றார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் வண்டியிலேயே தூங்கித் தூங்கி விழுந்தார். கேட்டதற்குப் பதில் குளறியது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். இந்த முறை அவர் கத்தவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"கதவைச் சாத்த ஆரம்பிச்சிருச்சு. இப்பக்கூட ரெண்டாவது பாட்டிலைப் போட்டு, விடாம ஊசி போட்டா ஒரு சான்ஸ் இருக்கு. இன்னைக்கு ராத்திரி அவர் இங்கதான் இருக்கணும். உங்களால முடியுமா, முடியாதா?"

உள்ளே போய் மாமாவிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து, "இன்னிக்கு ராத்திரி கண்டிப்பா போவணும். நாளைக்குக் கரகம் வெளிய வருது. அப்பறம் பகல்லயும் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். இதைச் சொல்ல மட்டும் நாக்கு குளறவில்லை.

அக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு நேராகத் தறித்தெருக் கோயிலுக்குப் போனேன். பூசாரி ரங்கையா கரகத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் அவரிடம் போடப்போகிற சண்டையை மனசுக்குள் நடத்திக்கொண்டே வந்தவன் நான். எடுத்த எடுப்பிலேயே, "ஒரு ஆளு சாவணுமா உங்க காப்புக்கு?" என்று ஆரம்பித்தேன்.

அவர் வேப்பிலையைக் கீழே வைத்தார். "யாரு சாவறது?"

சொன்னேன். ஊசி, பாட்டில், கிட்னி எல்லாம் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது வீட்டுக் காப்புப்பா. அந்த வீட்டு ஆளு யாரு கட்னாலும் சரிதான். ஒங்க அக்கா கையில மாத்திட்டா அவரு எங்க வேணா படுத்துக்கலாம்."

"பொம்பள கட்டலாமா?"

"கட்டக்கூடாதுன்னு யாரு சொன்னது? இவ்ளோ நாளு ஆம்பளப் பசங்க இருந்தாங்க, கட்னாங்க. பொம்பள யாரும் கேக்கல. நாகபூஷணமும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனே."

"நீயாவது சொல்லக்கூடாதா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறாரு, ராத்திரி வந்து படுத்துக்கிறாருன்னாங்க. தெனம் வந்துகினு போயிகினு கீறாரே, ஒடம்பு தேவலாம் போலன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. இந்த மனுஷனை அடிக்க முடியாது, பச்சை மண் மாதிரி நிற்கிறார். இரண்டு ராத்திரி. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், மாமா கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை, வாய் ஓயாமல் கத்திய நானும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். ரங்கையா ஒரு வழி சொன்னார்: பழைய கயிற்றை மாமா கையிலிருந்து அறுக்காமல் அவிழ்த்து ஒரு தம்ளர் பாலில் போட வேண்டும். அக்கா பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்து புதுக்கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சொன்னபோது அக்கா, "பொம்பள கட்டலாம்னா சொன்னாரு? நெஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாமா ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார். வேர்வையில் நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்துப் பால் தம்ளரில் போட்டேன். கயிறு இருந்த இடம் மஞ்சளாக இருந்தது. அக்கா அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "காப்பு அவுத்ததும் மொத பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி மாமா ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டாவது பாட்டில் ஏறியது.

அதிலிருந்து என் வேலை ஒன்றே ஒன்றுதான், கட்டிலுக்குக் கீழே தொங்கும் மூத்திரப் பையைப் பார்ப்பது. ஆட்டோவில் பெட்ரோல் முள்ளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. பையின் அடியில் கருத்த டீ நிறத்தில் கொஞ்சம் கிடக்கும். காலையில் பார்த்தாலும் அதுதான், சாயங்காலம் பார்த்தாலும் அதுதான். அக்கா பொழுது சாயும் நேரத்தில் போன் செய்வாள். பின்னால் மேளம் கேட்கும். சௌக்கியமா, சாப்பிட்டியா என்றெல்லாம் கேட்கமாட்டாள்.

"ஒண்ணுக்குப் போனாரா?"

"இல்லக்கா."

"சரி" என்று வைத்துவிடுவாள். எனக்குப் பொய் சொல்ல வராது, சொல்லவும் பிடிக்காது. மறுநாள் அதே கேள்வி, அதே பதில். டாக்டரம்மா ரத்த ஓட்டத்தை ஏற்றுகிற இன்னொரு ஊசியும் போட்டுப் பார்த்தார். மாமாவின் கால் வீங்கியது, கண் மஞ்சள் பூத்தது, தூக்கம் கூடியது. கிருமி அடங்கிவிட்டதாம். வயிற்று நீர் தெளிந்துவிட்டதாம். வந்த வியாதி போய்விட்டது, நடுவில் சாத்திய கதவுதான் திறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் டாக்டரம்மா என்னை மறுபடி வராண்டாவுக்குக் கூப்பிட்டார்.

"அவங்க வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. தள்ளிப் போடாதீங்க."

"ரத்தம் சுத்தி பண்ற மிஷின் வெக்கலாமே மேடம்?"

"வச்சாலும் அந்த ஈரலோட உயிர் நிக்காது. அந்த ரெண்டு ராத்திரி மட்டும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் உள்ளே போய்விட்டார். அவர் முடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுபடி வேன், மறுபடி அந்த ரோடு. புளியமரத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். எல்லையில் இருக்கிற சின்னப் பாலத்தில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதற்கு உள்பக்கம் அக்கா மற்ற பெண்களோடு கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் கரண்டியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டுத் தோரணம் வரைக்கும் வந்து நின்றாள்.

"வண்டியில ஏறுக்கா" என்றேன்.

"காப்பு அவுக்க இன்னும் நாளு கீதுடா."

"அவருக்கு நாளு இல்லக்கா."

அவள் முகம் அப்படியே இருந்தது. கையில் ஒட்டியிருந்த கூழை முந்தானையில் துடைத்தாள். பேச்சு காதில் விழுந்து ரங்கையா பின்னாலேயே வந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"போம்மா. நான் அவுத்து உடறேன். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா, நான் பாத்துக்கறேன்" என்று கயிற்றைத் தொட வந்தார்.

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, பூசாரியே சொல்றாரு. இன்னும் இன்னா ஒனக்கு? ஏறு வண்டியில" என்று நான் கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நான் இப்ப தாண்டிட்டேன்னா, அந்த ரெண்டு ராத்திரி அவரு எதுக்குடா எழுந்து வந்தாரு?"

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று என் வாய்வரை வந்தது. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவள் தோரணத்தைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டி என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "நீ போ. அவரு கிட்ட யாரும் இல்ல" என்றாள். வண்டியைத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாமா விழித்திருந்தார். பல நாளைக்குப் பிறகு கண்ணில் தெளிவு இருந்தது.

"அவ வரலியா?"

"வரல."

"தாண்டலியே?"

"தாண்டல மாமா. பூசாரி அவுக்கறேன்னாரு, வோணாம்னுட்டா."

"கெட்டிக்காரி" என்றார். உதடு வெடித்திருந்தது, ஆனாலும் சிரித்தார். அந்த நிமிஷம் எனக்கு இரண்டு பேர் மீதும் வந்த வெறுப்பை இங்கே சொல்ல முடியாது. இவர் ஊரில் போய்ப் படுத்ததால் செத்துக்கொண்டிருக்கிறார், அவள் இவர் படுத்தது வீண் போகக்கூடாது என்று அங்கே நிற்கிறாள். நடுவில் வண்டி ஓட்ட நான் ஒருத்தன். மாமா மணிக்கட்டில் மஞ்சள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அக்காதான். எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து பையைப் பார்த்தேன். காலையில் இருந்ததுதான் இருந்தது.

"எடு" என்றார் மாமா. "போனேன்னு சொல்லு."

எடுத்தேன். மேளச் சத்தம் காதை அடைத்தது.

"ஒண்ணுக்குப் போனாரா?"

"போனாருக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மேளம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"சரிடா" என்றாள் அக்கா. "நாளைக்கும் இதையே சொல்லு."